பெரிய நீர்த்தேக்கத்தில் பாஸ்: கரையை அடிப்பதா, ஆழத்தைத் தேடுவதா?

டெக்சாஸில் உள்ள சாம் ரேபர்ன் நீர்த்தேக்கம் 1,14,500 ஏக்கர். அதற்குக் கிழக்கே, லூசியானா எல்லையில் கிடக்கும் டோலிடோ பெண்ட் அதைவிடவும் பெரியது. இவ்வளவு தண்ணீரில் ஒரு படகையும் ஒரு பகல் பொழுதையும் வைத்துக்கொண்டு பாஸ் என்கிற நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் லூர் (செயற்கை இரை) டப்பாவைத் திறந்து எதைக் கட்டலாம் என்று யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கரைப்பக்கமா, ஆழமா? இது தெளிந்துவிட்டால் லூர், லைன் (தூண்டில் நூல்), ராட் (தூண்டில் கோல்), படகை நிறுத்தும் விதம் எல்லாம் பின்னால் தானாக வரும். தெளியாமல் கொஞ்சம் கரை, அப்புறம் கொஞ்சம் ஆழம், மறுபடி கரை என்று அலைந்தால் பெட்ரோல்தான் தீரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருடத்தில் பாதிக்கு மேல், அதிலும் முன்பின் தெரியாத நீர்த்தேக்கத்துக்கு ஒரே ஒரு நாள் போகிறவருக்கு, கரைதான். கோடையின் நடுவிலும் குளிர்காலத்தின் உச்சத்திலும் ஆழம் ஜெயிக்கும், அதுவும் கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை.

நீர்த்தேக்கம் என்பது மூழ்கிப்போன ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு. அணை கட்டுவதற்கு முன் ஓடிய ஆறு, அதில் வந்து சேர்ந்த ஓடைகள், சாலை, பாலம், வேலி, வெட்டாமல் விட்ட மரங்கள் எல்லாம் அடியில் அப்படியே இருக்கின்றன. கரைப்பக்கம் என்று நான் சொல்வது சுமார் 10 அடிக்கு உட்பட்ட தண்ணீர்: செடிகள், புதர், விழுந்த மரம், படகுத்துறைகளின் நிழல், ஓடைகளின் உள்பகுதி. ஆழம் என்பது பழைய ஆற்றின் கரை விளிம்பு, நீருக்கடியில் இருக்கும் மேடுகள், கரையிலிருந்து உள்ளே நீளும் முனைகளின் நுனி. 12 அடியில் தொடங்கி 30 அடி வரை போகும், தெளிந்த நீர் என்றால் அதற்கும் கீழே. அணைக்கு அருகில் நீர் தெளிவாகவும் ஆழமாகவும் இருக்கும், ஆறு வந்து சேரும் மேல்முனையில் கலங்கலாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். அதனால் கரையா ஆழமா என்ற கேள்வியே பல நேரம் மேல்முனையா அணைமுனையா என்ற கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

வசந்த காலத்தில் போட்டியே கிடையாது. தண்ணீர் 13 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது லார்ஜ்மவுத் பாஸ் (நாம் பேசும் பெரிய வாய் பாஸ் இனம்) ஆழத்திலிருந்து ஓடைகளுக்குள் நகரத் தொடங்கும், 16 முதல் 22 டிகிரிக்குள் கரையோரத்தில் சில அடி ஆழத்திலேயே பள்ளம் பறித்து முட்டையிடும். கலங்கிய, ஆழமில்லாத மேல்முனை நீர் முதலில் சூடாகும், அணைப்பக்கம் சில வாரம் பின்தங்கும். இந்தப் பருவத்தில் நடு ஏரியில் போய், ஒலியலையால் நீரடியைத் திரையில் காட்டும் சோனாரைப் பார்த்துக்கொண்டிருப்பவர், வீடு மாறிப் போனவரின் பழைய வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். ஒரே ஒரு நுணுக்கம்: திடீரென்று குளிர்காற்று அடித்து நீரின் சூடு இறங்கினால், மீன் அதே ஓடையின் வாசலில் உள்ள முனைகளுக்குப் பின்வாங்கி நிற்கும். அன்றைக்கு 8 முதல் 15 அடி வரை பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் மறுபடி உள்ளே போகலாம்.

கோடைதான் உண்மையான மோதல், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டென்னசி ஆற்றின் மீது டிவிஏ (டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அமெரிக்க அரசு நிறுவனம்) கட்டிய அணைகளுக்குப் பின்னால் உள்ள கென்டக்கி லேக், பிக்விக், கன்டர்ஸ்வில் போன்றவை ஆழப்பக்க மீன்பிடிப்புக்குப் பேர்போனவை. காரணம் நீரோட்டம். மின்சாரத்துக்காக டர்பைன்கள் ஓடும்போது ஏரி முழுக்க மெல்லிய இழுப்பு வரும், ஷாட் என்கிற சின்ன இரைமீன்கள் பழைய ஆற்று விளிம்பின் மேல் ஒதுக்கப்படும், பாஸ் கூட்டமாக அந்த விளிம்பில் நீரோட்டத்தை எதிர்கொண்டு நின்று வருவதையெல்லாம் பிடித்துத் தின்னும். அந்த நேரத்தில் சரியான இடத்தில் படகை நிறுத்தி, லூரை நீரோட்டத்தோடு கீழ்நோக்கி வருமாறு இழுத்தால் வீசும்போதெல்லாம் மீன் ஏறும். கரையில் இந்த அனுபவம் அநேகமாகக் கிடைக்காது, அங்கே மீன் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் நிற்கும். ஆனால் டர்பைன் நின்றதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடும், அல்லது அங்கேயே இருந்தும் வாயைத் திறக்காது. நீர் திறப்பு நேரத்தை டிவிஏ முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் ஆழத்துக்குப் போகக் கூடாது என்பேன்.

கோடை ஆழத்தில் இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீரோட்டம் குறைந்த ஆழமான நீர்த்தேக்கங்களில் வெயில் காலத்தில் தண்ணீர் அடுக்குகளாகப் பிரிந்துவிடும். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர், நடுவில் சூடு சட்டென்று இறங்கும் தெர்மோக்ளைன். கோடை நீளும்போது அதற்குக் கீழே ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், பாஸ் அங்கே தங்காது. சோனாரில் மங்கலான ஒரு கோடாக அது தெரியும். கோடு 22 அடியில் இருக்கும்போது 35 அடியில் ஜிக்கை (எடைத் தலை கொண்ட கொக்கி லூர்) இறக்கிக்கொண்டிருப்பது வீண். ஆழம் என்று முடிவெடுத்தால், எவ்வளவு ஆழம் என்பதை அந்தக் கோடு சொல்லட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், கோடையில் கரை செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடிகள் அடர்ந்த நீர்த்தேக்கங்களில், கன்டர்ஸ்வில், ரேபர்ன், டோலிடோ பெண்ட் மாதிரி இடங்களில், செடிப்படுகையே நிழலும் இரையும் தருகிறது, பாஸ் ஆழத்துக்குப் போக வேண்டிய தேவை குறைகிறது. செடிப் பாய்க்கு மேல் தவளை லூரை இழுக்கும்போது தண்ணீர் வெடிக்கிற அந்தக் கணத்துக்காகவே கரையை விரும்புகிறவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். செடி இல்லாத, தெளிந்த, மொட்டைக் கரை நீர்த்தேக்கத்தில் ஜூலை மாத மதியம் என்றால் அந்த விருப்பத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஆழத்துக்குப் போக வேண்டியதுதான்.

குளிர்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் பாஸ் மந்தமாகிவிடும், செங்குத்தான கரைகள், ஆழமான ஓடைத் தடங்கள் ஓரமாக ஒடுங்கிவிடும். பல நீர்த்தேக்கங்களில் அணைக்காரர்கள் குளிர்காலத்தில் மட்டத்தையும் இறக்கிவிடுவார்கள். கென்டக்கி லேக்கில் கோடை மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 359 அடி, குளிர்கால மட்டம் 354. அந்த 5 அடியில், மே மாதம் மீன் பதுங்கியிருந்த புதர்களெல்லாம் ஜனவரியில் காய்ந்த தரையில் நிற்கும்.

மட்டத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று: தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பருவத்துக்கு அடுத்த பெரிய துப்பு. ஏறினால் பாஸ் புதிதாக மூழ்கிய புல்லுக்குள்ளும் புதருக்குள்ளும் போகும், கரைக்குப் போங்கள், வெளி ஓரத்தில் நிற்காமல் எவ்வளவு உள்ளே முடியுமோ அவ்வளவு உள்ளே வீசுங்கள். இறங்கினால் மீன் முதல் சரிவுக்கு வெளியே வந்துவிடும். மழையால் கலங்கிய நீர் என்றால் கரை. குளிர்காற்றுக்கு அடுத்த நாளின் பளிச்சென்ற நீலவானம் என்றால், கரை மீன் வாயை இறுக்கிக்கொள்ளும், ஆழத்து மீனை அது அவ்வளவாகப் பாதிக்காது.

சாமான்களில் கரை எளிமையானது. சுழல்தகடு உள்ள ஒரு ஸ்பின்னர்பெய்ட், கட்டைகளில் மோதி நகரும் சதுரமூக்கு கிராங்க்பெய்ட் (இழுக்கும்போது நீருக்குள் மூழ்கி நீந்தும் மீன் வடிவ லூர்), கொக்கி முனை மறையும்படி டெக்சாஸ் ரிக்கில் கோத்த பிளாஸ்டிக் புழு, புதருக்குள் இறக்க ஒரு ஜிக், செடிகளுக்குத் தவளை. செடிகளுக்குள் 50 பவுண்டுக்குக் குறையாத பின்னல் லைன் வேண்டும், இல்லையென்றால் மீனோடு லூரும் போய்விடும். ஆழத்துக்கு நீண்ட ராட், மெல்லிய ஃபுளோரோகார்பன் லைன், ஆழ்கிராங்க்பெய்ட், எடையை லூருக்கு முன்னால் தள்ளிக் கட்டும் கரோலினா ரிக், ஃபுட்பால் ஜிக், செங்குத்தாக இறக்க ஸ்பூன் என்கிற உலோக லூர். கிராங்க்பெய்ட் குறித்த ஆழத்துக்குப் போக நீளமாக வீச வேண்டும், லைன் மெலிதாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. 1982இல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்கிற பெரிய பாஸ் மீன்பிடிப் போட்டியை வென்ற பால் எலியாஸ், படகின் முனையில் மண்டியிட்டு ராட் நுனியை நீருக்குள் செருகி இழுத்தார், லூர் இன்னும் சில அடி ஆழமாகப் போவதற்காக. அதே மனிதர் 2011 அக்டோபரில் கன்டர்ஸ்வில்லில், பல கம்பிகளில் பல லூர்கள் தொங்கும் அலபாமா ரிக்கை வைத்து 4 நாளில் 102 பவுண்டு 8 அவுன்ஸ் பிடித்து வென்றார்.

மின்னணுக் கருவிகளில்தான் இரண்டு பக்கமும் இன்று ரொம்ப விலகி நிற்கின்றன. கரைக்குப் போலரைஸ்டு கண்ணாடி ஒன்று போதும். ஆழத்துக்கு சோனார் இல்லாமல் போவது கஷ்டம், 1950களின் இறுதியில் லோரன்ஸ் நிறுவனத்தின் சிறிய பச்சைப் பெட்டி வடிவ சோனார் வந்ததிலிருந்தே அப்படித்தான். 2018இல் கார்மின் கொண்டுவந்த லைவ்ஸ்கோப் இன்னொரு படி மேலே போனது. படகுக்கு முன்னால் நிற்கும் மீனையும் அதை நெருங்கும் லூரையும் அந்தந்த நொடியே திரையில் காட்டுகிறது. போட்டிகளில் பெரிய சச்சரவாகி, மேஜர் லீக் ஃபிஷிங் என்கிற போட்டி அமைப்பு 2025இல் தன் பாஸ் ப்ரோ டூர் போட்டிகளில் ஒரு நாளின் 3 பகுதிகளில் ஒன்றில் மட்டுமே இத்தகைய சோனாரை அனுமதித்தது. என் அபிப்பிராயத்தில், ஆற்று விளிம்பில் கூட்டமாக நிற்கும் மீனுக்கு வழக்கமான கீழ்நோக்கு சோனாரும் பக்கவாட்டு சோனாரும் தாராளம். அடியையும் கரையையும் தொடாமல் நடுநீரில் மிதக்கும் மீனுக்குத்தான் லைவ் சோனார் நிஜமாகவே தேவைப்படுகிறது.

பெரிய மீன் எங்கே என்று கேட்பவர்கள் ஆழம் என்பார்கள். டெக்சாஸின் மாநில சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் ஆழமான நீரில், கிராப்பி மீனுக்காகப் போட்ட சிறுமீன் இரையில் மாட்டியது என்பது உண்மை. ஆனால் மாதத்தைக் கவனியுங்கள், ஜனவரி. முட்டையிடும் பருவத்துக்கு முன்பு, வயிறு நிறைந்த பெட்டை மீன்கள் கரையை நோக்கி வரும் அந்தச் சில வாரங்களில், பெரிய மீனுக்குக் கரையை விடச் சிறந்த வாய்ப்பு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கூட்டமாக நிறைய மீன் வேண்டுமென்றால் கோடை ஆழம்.

மீனுக்கு எது கேடு என்பதையும் ஒப்பிட வேண்டும், இதில் இரண்டு பக்கமும் சுத்தமில்லை. 25, 30 அடிக்குக் கீழிருந்து வேகமாக மேலே இழுத்த பாஸின் காற்றுப்பை ஊதிக்கொள்ளும், விட்டாலும் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும். சூடான கோடை நீரில் அப்படிக் கிடக்கும் மீன் பிழைப்பது அரிது. ஊசியால் காற்றை இறக்கலாம், தெரியாதவர் செய்தால் குடலைக் குத்திவிடுவார். ஆழத்தில் பிடித்தால் படகின் மீன் தொட்டியில் வைக்காமல் உடனே விடுங்கள், மீன் மிதக்கத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டு ஆழம் குறைந்த இடத்துக்குப் போங்கள். கரையில் வேறு சிக்கல்: கூட்டைக் காவல் காக்கும் ஆண் மீனைத் தூக்கினால், அது திரும்புவதற்குள் புளூகில் என்கிற சிறுமீன் கூட்டம் முட்டையைத் தின்றுவிடும். கூட்டில் நிற்கும் மீன் கண்ணுக்குத் தெரிந்தால் நான் விட்டுவிடுவேன், நீங்களும் விட்டால் நல்லது.

இலையுதிர் காலத்தில் ஷாட் கூட்டங்கள் ஓடைகளுக்குள் ஏறும், பாஸ் பின்னாலேயே போகும். மீன் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு பக்கத்தில் பிடிவாதம் பிடிக்க முடியாத ஒரே பருவம் இது. ஓடையின் வாசலில் 15 அடி முனையில் தொடங்கி, மேற்பரப்பில் ஷாட் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே, ஸ்பின்னர்பெய்ட்டை இழுத்தபடி உள்ளே 3 அடி வரை போங்கள். முதல் இரண்டு மீன் எந்த ஆழத்தில் வந்ததோ அதே ஆழத்தை அடுத்த ஓடையிலும் பாருங்கள். வழியில் எங்குமே ஷாட் தென்படவில்லை என்றால் அந்த ஓடையில் நேரம் செலவழிக்காதீர்கள், பாஸ் எவ்வளவு நல்ல மறைவிருந்தாலும் இரை இல்லாத இடத்தில் அக்டோபரில் நிற்காது.