தவறிச் சொருக முடியாத பிளக்: ஐஇசி 60309 எதிர் ட்விஸ்ட் லாக்

பட்டறைக்கு மூன்று பேஸ் லைன் இழுத்தபோது, ஐஇசி 60309 என்ற சர்வதேசத் தரத்தின் வட்டப் பிளக்கா, சொருகித் திருகிப் பூட்டும் அமெரிக்க நெமா தர ட்விஸ்ட் லாக்கா என்று இரண்டையும் பார்த்துவிட்டு ஐஇசியைத்தான் போட்டேன். 16 ஆம்பியர் பிளக் 32 ஆம்பியர் சாக்கெட்டில் ஏறாது, கேபிள் இழுபட்டாலும் சட்டென்று கழன்றுவராது என்பதெல்லாம் ஐஇசியில் உண்டு, அந்த அளவுக்கு ட்விஸ்ட் லாக்கும் சளைத்ததில்லை.

வித்தியாசம் எர்த் பின்னில். ஐஇசி சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் வட்டத்தின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அதைக் கடிகாரத்தின் 6 மணியாக வைத்துக்கொண்டு எர்த் துளை எந்த மணியில் இருக்கிறது என்று பார்த்தாலே வோல்டேஜ் பெரும்பாலும் தெரிந்துவிடும். வோல்டேஜுக்கு ஏற்றபடி பிளக்கின் நிறமும் மாறும். 110 வோல்ட் மஞ்சளுக்கு 4 மணி. 230 வோல்ட் நீல மூன்று பின்னுக்கு 6. 400 வோல்ட் சிவப்புக்கும் 6 தான், ஆனால் அதில் நான்கு அல்லது ஐந்து பின் என்பதால் நீலத்தோடு குழம்ப வழியில்லை. எர்த் பின் மற்றவற்றைவிடத் தடிமன் வேறு, 16 ஆம்பியரில் மற்றவை 5 மி.மீ., இது 7 மி.மீ.

இந்தத் தடிமன் எதற்கு என்று கேட்டால், கப்பலில் போகும் குளிர்சாதனக் கன்டெய்னரின் 32 ஆம்பியர் பிளக்கைப் பாருங்கள். அதுவும் சிவப்பு, அதுவும் நான்கு பின், ஆனால் எர்த் 3 மணியில். சாதாரண 400 வோல்ட் நான்கு பின் சாக்கெட்டோடு ஒப்பிட்டால் பின்கள் நிற்கும் இடங்கள் நான்கும் அப்படியே பொருந்தும், தடித்த எர்த் பின் மெல்லிய துளையில் முட்டி நிற்பதால்தான் உள்ளே போகாது!

ட்விஸ்ட் லாக்கும் தவறான இடத்தில் ஏறாது, அதில் பொய்யில்லை. எல்14-30, எல்15-30 என்ற இரண்டு ட்விஸ்ட் லாக் வகைகளிலும் நான்கு வளைந்த தகடுகள். முன்னது 125/250 வோல்ட் சிங்கிள் பேஸ், பின்னது 250 வோல்ட் மூன்று பேஸ். வித்தியாசம் தகடுகளின் வடிவத்திலும் முகப்பில் பொறித்த எழுத்திலும் இருக்கிறது, நிறத்தில் இல்லை. எழுத்தில் கிரீஸ் படிந்துவிட்டால் சொருகிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஏறவில்லை என்றால் பலம் கொடுத்துத் திருகிப் பார்க்கிற ஆள் எந்தப் பட்டறையிலும் ஒருவராவது இருப்பார். ஐஇசியில் நிறத்தைப் பார்த்ததுமே கை பெரும்பாலும் சரியான சாக்கெட்டுக்குப் போய்விடுகிறது. ட்விஸ்ட் லாக்கை நான் அதிகம் புழங்கியவன் இல்லை, தினமும் கையாளுபவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியாமல் இருக்கலாம்.

ஆனால் ஒன்று, பேஸ் வரிசையை, அதாவது மூன்று பேஸ் வயர்களும் எந்த வரிசையில் வருகின்றன என்பதை, இரண்டுமே காப்பாற்றாது. சாக்கெட்டுக்குள் வயரை மாற்றி முடுக்கியிருந்தால் பிளக் ஒழுங்காக ஏறும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இதற்கென்றே, இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவரால் திருப்பி இடம் மாற்றிக்கொள்ளும் ஐஇசி பிளக் கிடைக்கிறது. அப்புறம் 63, 125 ஆம்பியரில் நடுவில் ஒரு குட்டையான பைலட் பின் உண்டு. கழற்றும்போது அது முதலில் விலகும், அதன் வழியாகக் கான்டாக்டரை (மின்சாரத்தால் இயங்கி சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இணைத்திருந்தால் மற்ற பின்கள் பிரிவதற்குள் சப்ளை நின்றுவிடும். என் பட்டறையில் 32 ஆம்பியருக்கு மேல் தேவைப்படவில்லை.