1,200 டாலர் போச்சு: கப்பல் விபத்து இழப்பீட்டு ஏஜென்சியிடம் ஏமாந்த கதை

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்த கப்பலைத் துறைமுகத்தில் கயிற்றால் கட்டும்போது அந்த மூரிங் கயிறு அறுந்து அடித்ததில் என் வலது முழங்கால் போனது. கயிறு நைந்திருப்பதை இரண்டு வாரம் முன்பே போசனிடம் (டெக் ஆட்களின் மேஸ்திரி) சொல்லியிருந்தேன். கப்பல் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்ற விதியெல்லாம் ஏட்டில் மட்டும். கரைக்கு வந்து படுத்திருந்தபோது இணையத்தில் ஓர் இழப்பீட்டு ஏஜென்சியைப் பிடித்தேன். கம்பெனியின் அலட்சியத்தை நிரூபித்துத் தருவார்களாம். முன்பணம் 1,200 டாலர்.

ஏன் நம்பினேன்? போனில் பேசியவர் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "கயிறு நைலானா, பாலிப்ரொப்பிலீனா? ஸ்னாப்பேக் பகுதியிலா நின்றீர்கள்?" என்று கேட்டார். ஸ்னாப்பேக் என்றால் அறுந்த கயிறு சுண்டி வந்து அடிக்கும் இடம். டெக்கில் நின்றவன் கேட்கிற கேள்வி அது. அதிலேயே விழுந்துவிட்டேன். அன்று இரவே 1,200 டாலரும் அனுப்பியாயிற்று.

அப்புறம்? முதல் மாதம் "ஃபைல் சர்வேயரிடம் இருக்கிறது". அடுத்த மாதம் "வக்கீல் லீவு". மூன்றாம் மாதம் போனை எடுத்த பெண் "எந்தக் கேஸ் சார்?" என்றார். நான்காம் மாதம் ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது. அதில் இருந்தது வேறு யாருடைய கப்பலோ. காயம் இடது தோளிலாம்! கேட்டால் டைப்பிங் மிஸ்டேக்காம்.

இதற்குள் அந்தக் கயிறு குப்பைக்குப் போய்விட்டது. எங்கள் கப்பலின் விடிஆரில் (பயணத் தகவல்களைப் பதிவு செய்யும் கருவி) 30 நாள் பதிவுதான் நிற்கும், அதுவும் அழிந்தது. விபத்தைப் பார்த்த இரண்டு பேரும் சைன் ஆஃப் ஆகி, அதாவது கப்பலை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். முதல் வாரமே ஏஜென்சி கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே 1,200 டாலர் கொடுத்தேன்?

கடைசியில் பழைய கப்பல் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. வைத்தியச் செலவுக்கும், குறைந்தது 16 வாரச் சம்பளத்துக்கும், ஒப்பந்தத்தில் உள்ள ஊனத் தொகைக்கும் அலட்சியத்தை நிரூபிக்கவே வேண்டாமாம். 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதற்கு மேல் நஷ்டஈடு கேட்டால்தான் நிரூபணம் வேண்டும். இதை அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அறுந்த முனையைப் போட்டோ எடுங்கள். விபத்து அறிக்கையின் நகல் வாங்காமல் இறங்காதீர்கள். பார்த்தவர்களின் சொந்த எண்ணை வாங்குங்கள். ஒப்பந்தப் பணத்துக்கான ரசீதில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குக்குக் கெடு உண்டு, அமெரிக்காவில் 3 வருடம். முன்பணம் கேட்கிறவனிடம் வக்கீல் பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.