உதவித்தொகையைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வந்தால்: நியூ ஜெர்சி எடிசன் பக்கத்தில் ஒரு இலவச சட்ட உதவி மையம்

முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து என் கணவர், உடல்குறை உள்ளவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் எஸ்எஸ்டிஐ உதவித்தொகை வாங்குகிறார். கூடவே பகுதிநேர வேலையும் பார்க்கிறார். 2025 கோடையில் ஒரு கடிதம் வந்தது: 2024இல் வேலை செய்த மாதங்களுக்காக 11,400 டாலர் கூடுதலாகத் தந்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள். கட்டாவிட்டால் மாதத் தொகையில் பாதியைப் பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து வரும் நோட்டீஸ்களுக்கு இதுதான் கணக்கு. பாதி போனால் எங்களால் வாடகை கட்ட முடியாது.

முதலில் பார்த்த ஏஜென்ட் ஒருவர், கட்டணம் கொடுத்தால் தவணை வாங்கித் தருவதாகச் சொன்னார். கடன் சரிதானா என்று அவர் கேட்கவே இல்லை. சட்ட உதவி மையத்து அம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கச் சொல்லிவிட்டு, "வேலைக்கு எப்படிப் போகிறார்?" என்றார். சக்கர நாற்காலி ஏறும் வேனில், மாதம் 300 டாலர் கைக்காசு கொடுத்துத்தான் போகிறார். உடல்குறையால் வேலைக்காக ஆகும் இப்படிப்பட்ட செலவைச் சம்பளத்திலிருந்து கழித்துத்தான் பார்க்க வேண்டுமாம். உதவித்தொகை வாங்குபவருக்கான சம்பள வரம்பு 2024இல் மாதம் 1,550 டாலர். அவர் சம்பளம் 1,750. கழித்தால் 1,450! கூடுதல் நேரம் வேலை பார்த்த சில மாதங்கள் தவிர மற்றவை எல்லாம் வரம்புக்குள் வந்துவிட்டன.

வேன் ரசீதுகளோடு மறுபரிசீலனைக்கு எஸ்எஸ்ஏ-561 படிவம், மிச்சத் தொகையைத் தள்ளுபடி செய்யக் கேட்டு எஸ்எஸ்ஏ-632, இரண்டையும் அங்கேயே நிரப்பினோம். மறுபரிசீலனைக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஆனாலும் 30 நாளுக்குள் கொடுத்தால் முடிவு வரும்வரை பிடித்தம் தொடங்காது என்று அவசரப்படுத்தினார். தள்ளுபடிக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் தவறு நம்முடையதல்ல என்றும், திருப்பிக் கட்டினால் சாப்பாடு, வாடகைக்கே கஷ்டம் என்றும் காட்ட வேண்டும். அதனால் வீட்டுச் செலவை மளிகை வரைக்கும் எழுத வைத்தார்.

குறை உண்டு. போனில் பிடிப்பது பெரும்பாடு, நேரில் போனாலும் காத்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. (உதவித்தொகை தரும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே தருவார்கள்.)

மறுபரிசீலனையில் கடன் 3,100 டாலராகக் குறைந்தது. அந்த மிச்சத்துக்கான தள்ளுபடி மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது, பிடித்தம் எதுவும் இல்லை. எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. நோட்டீஸ் வந்தவர்கள் தவணைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னால் இங்கே போய்விடுங்கள். போகும்போது சம்பளச் சீட்டு மட்டும் போதாது. மருந்து, வேன், உபகரணம் என்று வேலைக்காகக் கைக்காசு போட்ட எல்லாவற்றுக்கும் ரசீது கொண்டு போங்கள்.