‘இரட்டையர்’, ‘கரமசோவ் சகோதரர்கள்’: ஒரே கரு, இரண்டு நாவல்கள்

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி என்றால் எனக்கு உயிர். அதனாலேயே ‘இரட்டையர்’ தந்த ஏமாற்றம் பெரிது. 1846-இல், 24 வயதில் வெளியிட்டது. கல்யாத்கின் என்ற அரசு குமாஸ்தா, அழைப்பில்லாமல் நுழைந்த விருந்திலிருந்து வெளியே தள்ளப்படுகிறான். பனியும் மழையும் கொட்டும் இரவில் ஆற்றோரம் தன்னைப் போலவே ஒருவனைப் பார்க்கிறான். அந்த இடம் அபாரம். அப்புறம்தான் சிக்கல். கல்யாத்கின் திக்கித் திக்கிப் பேசுகிறான், சொன்னதையே சொல்கிறான், நாவலும் அவனோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வருகிறது. பாதிக்கு மேல் அவன் படும் அவமானம் நமக்குப் பழகிப்போய், வலிக்காமல் போகிறது.

1880-இல் முடிந்த ‘கரமசோவ் சகோதரர்க’ளில் தன் இரட்டையைத் தானே சந்திக்கும் இதே கரு திரும்புகிறது, ஒரே ஓர் அத்தியாயமாக. சகோதரர்களில் ஒருவனான இவானின் அறைக்குச் சாத்தான் வருகிறான். கொம்பில்லை, நெருப்பில்லை, வழக்கொழிந்த பழைய கோட்டு போட்ட, நொடித்துப்போன கனவான். ஒரு வியாபாரியின் பருமனான மனைவியாகப் பிறக்க ஆசை என்கிறான்! வேடிக்கையாகப் பேசிக்கொண்டே இவானின் சொந்தச் சிந்தனைகளை எடுத்து அவன் முகத்திலேயே வீசுகிறான். கல்யாத்கினின் போலி அவன் வேலையையும் இடத்தையும் பறிக்கிறான். இவானின் போலி பறிப்பது, அவன் தன் அறிவின்மேல் வைத்திருந்த மதிப்பை. படிக்கும் நமக்கே கூசுகிறது.

‘இரட்டைய’ரை தஸ்தயேவ்ஸ்கியே 1866-இல் திருத்தி மறுபடி வெளியிட்டார். கரு மிக முக்கியமானது, வடிவம்தான் கைகூடவில்லை என்று பின்னாளில் எழுதவும் செய்தார். எனக்கும் அதுவே தோன்றுகிறது.

சரி, எதை முதலில் எடுப்பது? பருமன் பயமுறுத்தினாலும் கரமசோவ்தான். இவானின் அந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு ‘இரட்டைய’ருக்கு வாருங்கள்.