சித்திரையில் பூப் பார்க்க: இறம்பொடையா, பட்டிப்பொலவா?

ஏப்ரல் மாத நுவரெலியாவில் ஒரு நாள் கையில் இருந்து, வசந்த காலத்துப் பாத்திப் பூக்களைவிட வீதியோரக் காட்டுப் பூக்களையே மனம் தேடுமானால், தெரிவு செய்ய இரண்டு பாதைகள் உள்ளன. லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு இறங்கும் கண்டி வீதி ஒன்று. அம்பேவெல, பட்டிப்பொல கடந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் வீதி மற்றொன்று.

இயற்கைக் காட்சி மட்டும் போதும் என்றால் இறம்பொடைக்கு ஈடில்லை. 109 மீற்றர் உயர அருவியும், கீழே விரியும் கொத்மலை நீர்த்தேக்கமும், மலைச்சரிவெங்கும் தேயிலையும் அந்த ஒரே பாதையில் கிடைக்கின்றன. ஆனால் அங்கே மண்மேடுகளில் பூத்திருப்பவை பெரும்பாலும் நாயுண்ணியும் காட்டுச் சூரியகாந்தியுமே. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அழகில்லை என்று சொல்லமாட்டேன். நடுவில் மஞ்சளாக விரிந்து, ஓரத்துக்குப் போகப் போக நிறம் சிவக்கும் நாயுண்ணிக் கொத்தைக் குனிந்து பார்த்தவர்கள் அதைக் களை என்று ஒதுக்கமாட்டார்கள். எனினும் அது இம்மலையின் பூ அல்ல.

இம்மலையின் பூவைக் காண, 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல புகையிரத நிலையத்தையும் தாண்டி மேலே போகவேண்டும். அங்கே, முறுக்கேறிய அடிமரமும் தடித்த இலைகளும் கொண்டு, குளிர்காற்றைத் தாங்கி நிற்கிறது சிங்களத்தில் ‘மகா ரத்மல்’ எனப்படும் மரம். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று தமிழர் அழைப்பதும் இதன் இனமே. கிளை நுனியில் மணி வடிவப் பூக்கள் நெருங்கித் திரண்டு, ஒரு கை கொள்ளாத செங்கொத்தாக நிற்கும். அதன்மேல் பனித்துளி தேங்கியிருக்கும் காலைப்பொழுதை நான் மறக்கவில்லை. ஹோட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூக்கும் முட்புதரைக் கண்டு மயங்கவேண்டாம். தேங்காய் வாசம் வீசும் அந்தப் பூ ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. பரவிப் பரவிப் புல்வெளியின் சொந்தச் செடிகளுக்கு இடமில்லாமல் செய்துவருகிறது.

ஹட்டன் வீதியிலும் டெவன், சென் கிளையர் அருவிகள் உண்டு. பூவுக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

முதியவர்களும் சிறுவர்களும் உடன் வந்தால் இறம்பொடை வீதியே வசதி. மற்றவர்களுக்கு நான் பட்டிப்பொலவையே சொல்வேன். சித்திரையில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. அதனால் விடியுமுன் புறப்பட்டு, மூட்டம் மூடுமுன் அந்த ஒடுங்கிய வளைவுகளில் இறங்கிவிடுங்கள். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் ஒரு பூவைக்கூடப் பறிக்கக்கூடாது.