காறை எலும்பு உடைந்தால் எண்ணெய் வைத்தியரை வீட்டுக்குள் விடாதீர்கள்

பர்மாவில் பெகுவிலும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு தேடி வந்து எலும்பு கட்டும் ஒருவரை நம்பியதால் என் அப்பாவின் இடது கை கெட்டுப்போகப் பார்த்தது.

போன ஆடி மாதம் நல்ல மழை. ஷ்வேமாடோ பகோடா பக்கத்து ரோட்டில் மோட்டார் சைக்கிள் வழுக்கி அப்பா விழுந்தார். தோள்தான் முதலில் தரையில் மோதியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பிவைத்தார். சட்டையைக் கழற்றினால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் காறை எலும்பில் ஒரு புடைப்பு. வலது கையால் இடது முழங்கையைத் தாங்கிக்கொண்டால்தான் அவரால் மூச்சு விட முடிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021-க்கு அப்புறம் அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் குறைந்துவிட்டார்கள், தனியார் என்றால் செலவு என்று வீட்டில் தயங்கினார்கள். கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர் இந்த எண்ணெய் வைத்தியரைப் பற்றிச் சொன்னது அப்போதுதான். தமிழர், எல்லோரும் சயா, அதாவது பர்மீஸில் ஐயா, வாத்தியார் என்கிற மாதிரி, மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு பர்மீஸ் நன்றாகவே வரும். ஆனாலும் வலியில் கிடக்கும்போது, "பயப்படாதீங்க அண்ணே, நான் இருக்கேன்" என்று ஒருவர் வந்து கையைப் பிடித்தால் மனம் இளகிவிடுகிறது. நாங்கள் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

வந்தவர், எக்ஸ்ரே வேண்டாம், எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு ஒட்டாது என்றார். அப்பாவை உட்காரவைத்து, முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு தோள்களையும் பின்னால் இழுத்தார். அப்பா அலறியது தெருவுக்கே கேட்டது. சுடச்சுட எண்ணெய் தேய்த்து, இலைப் பற்று வைத்து, இரண்டு அக்குளையும் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினார். மூன்று நாளுக்கு ஒருமுறை வந்து அதை அவிழ்ப்பார், உடைந்த இடத்தையே அழுத்திப் பிசைவார், மறுபடி கட்டுவார். ஆறு தடவை வந்தார். முதல் நாள் ஒரு லட்சம் கியாட், பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 40,000, எண்ணெய் இரண்டு பாட்டில் 1,20,000. மொத்தம் 4,20,000 கியாட். ரசீது கிடையாது.

பணம் போனதைக்கூட விடுங்கள். இரண்டாவது வாரத்திலேயே அப்பா விரல் மரத்துப்போகிறது, சுண்டு விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்கு அவர், "ரத்தம் ஓட ஆரம்பிச்சிருக்கு, நல்ல அறிகுறி" என்றார். நாங்கள் நம்பினோம். பதினேழாம் நாள் காலையில் அப்பாவால் கைலியை முடிந்து கட்ட முடியவில்லை. இடது கை பிடி கொடுக்கவில்லை. புடைப்பின் மேல் தோல் இழுபட்டு, வெளுத்துப் பளபளவென்று இருந்தது. இனி யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று அன்றைக்கே ரங்கூனுக்குக் கூட்டிப் போனேன்.

கெமண்டைன் எலும்பு ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் செய்தது அந்தத் துணியை வெட்டி எடுத்ததுதான். கைக்குப் போகிற நரம்புகளும் பெரிய ரத்தக் குழாயும் காறை எலும்புக்கு அடியில் ஓடி அக்குள் வழியாகத்தான் இறங்குகின்றன என்று தன் தோளிலேயே விரல் வைத்துக் காட்டினார். கட்டு அக்குளை நெரித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் இரண்டரை சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன, ஒரு முனை தோலைக் குத்திக்கொண்டிருந்தது. விழுந்த அன்றே அவ்வளவு விலகியிருந்ததா, பிசைந்ததால் விலகியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முதல் நாளே படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் அல்லவா?

அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். நடுவில் உடைந்து அதிகம் விலகாத காறை எலும்புக்குப் பெரும்பாலும் அறுவையே தேவைப்படாதாம். கழுத்திலிருந்து துணித்தூளி மாட்டிக் கையைத் தாங்கினால் போதும், பெரியவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் கூடிவிடும், மேலே ஒரு சின்ன மேடு மட்டும் நிற்கலாம் என்றார். விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே அசைக்கவேண்டுமாம். கையை ஆட்டவே கூடாது என்று அந்த மனிதர் சொல்லியிருந்ததால் அப்பாவுக்கு முழங்கையும் இறுகிப்போயிருந்தது. சுருட்டையும் நிறுத்தச் சொன்னார், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துமாம். நாற்பது வருடப் பழக்கத்தை அப்பா அந்த வாரமே விட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி அடிபட்டால், விரல் மரத்துப்போவதையும் கை சில்லிடுவதையும் நல்ல அறிகுறி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மூச்சுத் திணறினாலும், எலும்பு தோலை முட்டினாலும் அப்படித்தான், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படுத்தால் வலி அதிகம், முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கவையுங்கள்.

அப்பா ரங்கூனில் படுத்திருந்தபோது அந்த மனிதர் மூன்றாவது பாட்டிலோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் 60,000 கேட்டிருக்கிறார். தங்கச்சி எக்ஸ்ரே படத்தைப் போனில் காட்டியதும் பேசாமல் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. நம் கோயில் பக்கத்து வீடுகளுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறார் என்று அந்த அக்காவே போன வாரம் சொன்னார், அழுதுகொண்டே.

விரல் மரமரப்பு ஒரு மாதத்தில் போய்விட்டது. அப்பா தினமும் காலையில் சுவரில் விரல்களால் ஏறிப் பழகுகிறார், கை எட்டிய இடத்தில் அம்மா பென்சிலால் கோடு போடுகிறார். இன்றைய கோடு அப்பாவின் நெற்றி உயரத்தில் இருக்கிறது.