மணலுக்கு சிமெண்ட், கரிசலுக்குச் சுண்ணாம்பு
ரோடு போடுமுன் அடிமண்ணை உறுதியாக்க அதில் சிமெண்டோ சுண்ணாம்போ கலப்பார்கள். எதைக் கலப்பது என்பது மண்ணைப் பொறுத்தது. மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் ரோட்டுக்கு அடியில் இருப்பது வெறும் மணல். அங்கே சுண்ணாம்பைக் கொட்டிப் பயனில்லை. அது வேலை செய்யக் களிமண் வேண்டும். மண் எவ்வளவு ஈர வரம்புக்குள் களிபோலக் குழையும் என்று காட்டும் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் 10-ஐத் தாண்டினால்தான் சுண்ணாம்பு சரிப்படும். மணலுக்கு சிமெண்ட்தான். ஆனால் ஈரம் பட்டுக் கலந்தபின் சுமார் 2 மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். கடற்காற்றில் மேல்பரப்பு வேறு சீக்கிரம் காய்ந்துவிடும்.

கரையை விட்டு உள்ளே, முதுகுளத்தூர், கமுதி கரிசல் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அங்கே என் ஓட்டு சுண்ணாம்புக்கே. கலந்து ஒரு நாள் ஆறப்போட்டால் பிசுபிசுப்பு போய், கட்டி பொலபொலவென்று உதிரும்.

இரண்டுக்குமே ஆபத்து, உப்பளத்து ஓர மண்ணில் இருக்கக்கூடிய சல்பேட் உப்பு. களிமண்ணின் அலுமினாவோடும், கலந்த சிமெண்ட் அல்லது சுண்ணாம்பின் கால்சியத்தோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற வீங்கும் படிகமாகி, போட்ட அடுக்கையே தூக்கிவிடும். முதலில் சல்பேட் சோதனை செய்யுங்கள், அப்புறம் மூட்டையைப் பிரிக்கலாம்.